டிகிரி மாப்பிள்ளையின் முழங்கால்

எங்கள் குடும்பத்தில் ஒருவரும் டிகிரி வாங்கவில்லை. டிகிரியை மாப்பிள்ளையாகத்தான் எடுத்தோம். என் தங்கையின் கணவருக்குப் பட்டறையில் அதுதான் பெயர். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருக்கிற இடத்தில் அவர் டிகிரி ஸ்கேல் வைத்திருப்பார். இரண்டு எஃகுப் பட்டைகள், அவை சேரும் இடத்தில் ஒரு திருகாணி, அதைச் சுற்றி எண் பொறித்த அரைவட்டத் தகடு, அவ்வளவுதான் அந்தக் கருவி. கத்தரிக்கோல் மாதிரி விரித்து, வளைத்த குழாயின் மேல் பொருத்தினால் கோணம் எவ்வளவு என்று சொல்லிவிடும். புதிதாக வருகிற வாடிக்கையாளர்கள் "டிகிரியைக் கூப்பிடு" என்று நான் சொல்வதைக் கேட்டு, படித்த ஆள் யாரோ உள்ளே இருக்கிறார் என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்கள். மாப்பிள்ளை முழங்காலெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு வெளியே வருவார்.

பட்டறை என்னுடையது. சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அடுத்தவர் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டியவன் நான். இன்றைக்குப் படிக்கட்டுக் கைப்பிடி என்றால், கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைக்காரரும் என்னிடம்தான் ஆள் அனுப்புகிறார். அனுப்பிவிட்டுத் தானே செய்ததாகச் சொல்லிக்கொள்கிறார். சொல்லிக்கொள்ளட்டும், வாய் அவருடையது. முடியாது என்று நாலு பேர் திருப்பி அனுப்பிய வேலையை வாங்கி முடித்துக் கொடுத்துத்தான் நான் ஆளானேன். என் கதையை எழுதினால் அது தனிப் புத்தகம். இது மாப்பிள்ளையைப் பற்றியது. அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டார். எங்கள் வீட்டில் எழுத உட்காரத் துணிந்தவன் நான் ஒருவன்தான், அதனால் எழுதுகிறேன்.

அவர் வேலை செய்கிற விதம் தனி. சுற்றிச் சுற்றி ஏறுகிற படிக்கட்டுக்குக் கைப்பிடி என்றால் மற்றவர்கள் காகிதத்தில் சின்னதாக வரைந்து கணக்குப் போடுவார்கள். இவர் பட்டறைத் தரையைக் கழுவி, காய்ந்த பிறகு, படிக்கட்டு எத்தனை பெரிதோ அத்தனை பெரிதாகவே சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்துவிடுவார். இரண்டு முழங்காலையும் ஊன்றி, ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை நகர்ந்துகொண்டே வரைவார். பிறகு குழாயை வளைத்து வளைத்து அந்தக் கோட்டின் மேல் கொண்டுவந்து படுக்கவைப்பார். குழாய்க்கும் கோட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி எடுத்துக்கொண்டு போவார். அந்தத் தரையில் முட்டி போட்டிருக்கும்போது யார் கூப்பிட்டாலும் அவர் காதில் விழாது. என் தங்கை ஒருமுறை சாப்பாட்டுத் தூக்கோடு வந்து வெகுநேரம் நின்றுவிட்டு, "உங்க மாப்பிள்ளைக்குப் பொண்டாட்டி இந்தத் தரைதான் அண்ணே. நான் சும்மா சோறு கொண்டு வர்ற ஆளு" என்றாள்.

அவரிடம் ஒரு கேள்வி உண்டு. யார் எந்த அளவைச் சொன்னாலும் முதலில் அதைத்தான் கேட்பார்: "எங்கேயிருந்து எங்கே?"

எரிச்சலாக இருக்கும். ஆனால் காரணம் இல்லாமல் கேட்கமாட்டார். ஒரே வார்த்தையை ஆளுக்கொரு விதமாகப் பிடித்துக்கொள்வது தொழில்காரர்களின் வழக்கம். முக்கால் இஞ்சுக் குழாய் என்று தண்ணீர்க் குழாய்க்காரர் கேட்டால் உள்ளே தண்ணீர் ஓடுகிற துவாரத்தைச் சொல்கிறார். நாற்காலி செய்கிறவர் கேட்டால் வெளிச் சுற்றைச் சொல்கிறார். கொத்தனாருக்குச் செங்குத்து என்றால் தூக்குக்குண்டு தொங்குகிற திசை ஒன்றுதான். கடைசல் இயந்திரத்துக்காரருக்கோ, படுத்திருக்கிற கம்பிக்குப் பக்கவாட்டில் நேர்மூலையாக நிற்பதும் செங்குத்துதான். விட்டம் என்று சொன்னால் நாங்கள் குழாயைப் பார்ப்போம், வீடு கட்டுகிறவர் கூரையை அண்ணாந்து பார்ப்பார்.

ஒருமுறை முகக்கண்ணாடி விற்கிறவர் ஒருவர் வந்து, வட்டக் கண்ணாடிக்குச் சட்டம் வேண்டும், இரண்டு அடி என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். மாப்பிள்ளை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"எங்கேயிருந்து எங்கே?"

"ரெண்டு அடிங்க. அதுல என்ன எங்கேயிருந்து?"

"நடுவுலேருந்து விளிம்புக்கா, இல்ல இந்த விளிம்புலேருந்து அந்த விளிம்புக்கா?"

கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்தார். "உங்க மாப்பிள்ளை வக்கீலா?"

"டிகிரி" என்றேன் நான்.

கேட்டுப் பார்த்தால் அவர் சொன்னது நடுவிலிருந்து விளிம்புக்கு. கண்ணாடி வெட்டும்போது நடுவில் ஊசியை ஊன்றிச் சுற்றுகிறவர் அவர், அவருக்கு அதுதான் அளவு. நாங்கள் குறுக்கே அளக்கிறவர்கள். கேட்காமல் செய்திருந்தால் சட்டம் பாதி அளவில் வந்திருக்கும். கண்ணாடிக்காரர் போன பிறகு நான், "நானும் கேக்கத்தான் இருந்தேன்" என்றேன். "ஆமா மச்சான், நீங்க கேப்பீங்கன்னு தெரியும். நான் முந்திக்கிட்டேன்" என்றார் மாப்பிள்ளை. முகத்தில் சிரிப்பே இல்லை. அப்படிப்பட்ட மனிதர்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு வீட்டு மாடிப்படியில் ஏணி போட்டு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது ஏணி சறுக்கியது. படி விளிம்பில் வலது முழங்கால் இடித்து, முட்டிச் சில்லு இரண்டாக உடைந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி கட்டி, மாவுக்கட்டுப் போட்டார்கள். கம்பி கட்டியிருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னபோது மாப்பிள்ளை, "எத்தனாம் நம்பர் கம்பி டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். எலும்பு சேர்ந்துவிடும், கவலை வேண்டாம் என்றார்கள். எலும்பு சேரத்தான் செய்தது.

கட்டுப் பிரித்தபோது கால் கட்டையாக நின்றது. மடங்க மறுத்தது. இனிமேல் பயிற்சி கொடுத்து மடக்க வேண்டும், அதற்கென்றே ஆள் இருக்கிறார் என்று எங்களைக் கீழ்த்தளத்தில் ஓர் அறைக்கு அனுப்பினார்கள். பிசியோ என்கிறார்கள். என் மகள் வயதுப் பெண், நல்ல சுறுசுறுப்பு. மாப்பிள்ளையைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கருவியை எடுத்தாள். மாப்பிள்ளை தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"மச்சான், நம்ம டிகிரி ஸ்கேல்."

அதேதான். பிளாஸ்டிக்கில் செய்தது, அவ்வளவே வித்தியாசம். இரண்டு பட்டை, நடுவில் திருகாணி, எண் பொறித்த வட்டம். ஒரு பட்டையைத் தொடையோடும் மறு பட்டையைக் கெண்டைக்காலோடும் வைத்து அவள் அளந்தாள். படுத்திருந்தவருக்கு எண் தெரியவில்லை. அவள் குறித்துக்கொண்டாள்.

"எவ்வளவும்மா வரணும்?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"நூத்தி இருபது வந்துட்டா போதும் அங்கிள். உக்காரலாம், படி ஏறலாம், கீழே முட்டி போட்டு வேலையும் செய்யலாம். ஆனா தள்ளிப் போடக் கூடாது. இப்ப மடங்கலைன்னா உள்ள ஒட்டிக்கும். அப்புறம் என்ன பண்ணினாலும் வராது."

"வந்துரும்மா. வளைக்கிறதுதான் எங்க தொழிலே."

ஊரெல்லாம் எங்கேயிருந்து எங்கே என்று கேட்டவர் அன்றைக்குக் கேட்கவில்லை. கண்ணாடிக்காரர் கையில் வேறு கருவி இருந்தது, கேட்டார். கொத்தனார் கையில் வேறு கருவி இருந்தது, கேட்டார். இவள் கையில் தன்னுடைய கருவியே இருந்தது. சொந்தக்காரரை வழியில் கண்ட மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. எனக்கும்தான்.

ஆஸ்பத்திரி தூரம். நீட்டிய காலோடு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அதனால் அந்தப் பெண் பயிற்சியெல்லாம் சொல்லிக் கொடுத்து, வீட்டிலேயே செய்யுங்கள், எவ்வளவு வந்தது என்று போனில் சொல்லுங்கள் என்றாள். கால் அளக்கத் தெரிந்த நோயாளி கிடைத்தது அவளுக்கும் சந்தோஷம்.

வீட்டுக்கு வந்ததும் அவர் தன் ஸ்கேலை எடுத்து அளந்தார். நூற்றைம்பது காட்டியது. எங்கள் தொழிலில் குழாய் நேராக இருந்தால் நூற்றெண்பது. வளைக்க வளைக்க குழாயின் இரண்டு கைக்கும் நடுவில் உள்ள வாய், அதாவது இடைவெளி, சுருங்கும், எண் குறைந்துகொண்டே வரும். ஆக நூற்றைம்பதிலிருந்து நூற்றிருபதுக்கு வர வேண்டும், இன்னும் முப்பது என்று கணக்குப் போட்டார். என் கணக்கும் அதுதான். யாரைக் கேட்டாலும், அதாவது எங்கள் பட்டறையில் யாரைக் கேட்டாலும், அதுதான்.

அந்த முப்பதுக்கு அவர் பட்ட பாட்டை என் தங்கைதான் பார்த்தாள். துண்டைக் கணுக்காலில் மாட்டித் தன் பக்கம் இழுப்பார். பல்லைக் கடிப்பது அடுத்த அறைக்குக் கேட்கும். "போதும், விடுங்க" என்று அவள் அழுதால், "சூடு ஆறுறதுக்குள்ள வளைக்கணும், இல்லாட்டி விறைச்சுக்கும்" என்பார். தினமும் அவள் ஸ்கேலைப் பிடிப்பாள், இவர் படிப்பார். கொஞ்சம் கொஞ்சமாக எண் இறங்கியது. ஒருநாள் நான் போயிருந்தபோது, ஸ்கேல் சரியாக நூற்றிருபதில் நின்றது. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அப்போதே பிசியோவுக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தோம்.

"நூத்தி இருபது வந்திருச்சும்மா."

"அதுக்குள்ளயா? சரியா அளந்தீங்களா அங்கிள்?"

"அளக்கிறதுதாம்மா என் பொழப்பு."

அவள் சிரித்தாள். "இவ்வளவு சீக்கிரம் எனக்கு யாருமே கொண்டுவந்து காட்டினதில்ல. போதும், இனிமே ரொம்ப இழுத்துக் கஷ்டப்படாதீங்க. வந்ததைக் காப்பாத்திக்கிட்டா போதும். டாக்டர் வரச்சொன்ன அன்னைக்கு வாங்க."

அன்றைக்குப் பட்டறையில் எல்லோருக்கும் என் செலவில் டீ. எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு வேலையை எடுத்தால் பாதியில் விடமாட்டோம் என்று வெல்டரிடம் சொன்னேன். அவர் டீயைக் குடித்துக்கொண்டே, "மாப்பிள்ளை உங்க ரத்தம் இல்லையே முதலாளி" என்றார். "சோறு எங்க வீட்டுச் சோறு" என்றேன்.

துண்டு இழுப்பது நின்றது. நடந்தார், வாசல்வரை போய் வந்தார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தால் கால் முன்னால் நீட்டிக்கொண்டே இருந்தது. போகிற வருகிறவர்களெல்லாம் இடறினார்கள். தங்கைதான் முதலில் கேட்டாள். "நூத்தி இருபது வந்த காலு ஏன் இன்னும் வாசலைக் காட்டிக்கிட்டே இருக்கு?"

"கோணம் வந்தாச்சு. பலம்தான் வரணும்" என்றார் அவர்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஆமாம்மா, பலம் வரணும்" என்றேன் நானும். எண் வந்துவிட்டதே. எண்ணை நம்பியே பிழைத்தவர்கள் நாங்கள். கால் சொன்னதை விட்டுவிட்டு ஸ்கேல் சொன்னதைக் கேட்டோம். வாரங்கள் போயின.

டாக்டரைப் பார்க்கப் போன அன்று முதலில் கீழ்த்தளத்து அறைக்குப் போனோம். அந்தப் பெண் எழுந்து வந்து வரவேற்றாள். பக்கத்திலிருந்த இன்னொரு பயிற்சிக்காரரிடம், "நான் சொன்னேனே, அந்த அங்கிள்" என்றாள். மாப்பிள்ளைக்குக் கூச்சம். கட்டிலில் படுத்தார். அவள் முட்டியை மடக்கினாள். ஓர் இடத்தில் நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள், நகரவில்லை. ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"அறுபதுதான் அங்கிள் வருது."

"இல்லம்மா, நூத்தி இருபது. நல்லாப் பாருங்க."

"அறுபது."

மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்து, பையிலிருந்து தன்னுடையதை எடுத்து, முட்டியின் அந்தப் பக்கம் வைத்தார். ஒரே முட்டி, இரண்டு ஸ்கேல். அவளுடையது அறுபது காட்டியது. இவருடையது நூற்றிருபது காட்டியது. இரண்டும் துல்லியமாகத்தான் இருந்தன. அப்போதுதான் மாப்பிள்ளை கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

"நீங்க எங்கேயிருந்தும்மா எண்ணுறீங்க?"

"கால் நேரா இருந்தா ஜீரோ. அங்கேருந்து எவ்வளவு மடங்குதோ அதுதான் கணக்கு."

"எங்களுக்கு நேரா இருந்தா நூத்தி எண்பது."

அவள் மனதுக்குள் கழித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. அவளுக்கு மடங்கின அளவு, எங்களுக்கு நடுவில் மிச்சமிருக்கிற வாய். இரண்டுக்கும் கோணம் என்றுதான் பெயர். அவள் கேட்ட நூற்றிருபது எங்கள் ஸ்கேலில் அறுபது. அவள் ஸ்கேலில் இரண்டு வரிசை எண் இருந்தது, ஒன்று ஏறுமுகம், ஒன்று இறங்குமுகம். எங்கள் ஸ்கேலிலும் ஒரு காலத்தில் இரண்டு வரிசை இருந்தது. இத்தனை வருடம் கட்டைவிரல் பட்டுப் பட்டு, எங்களுக்கு வேண்டாத வரிசை தேய்ந்துபோய்விட்டது.

"போன்ல நூத்தி இருபதுன்னு சொன்னீங்களே அங்கிள்" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. கேட்டுப் பார்க்கிற குரலும் இல்லை.

"சொன்னேம்மா. அது சரிதானே" என்றார் இவர்.

தொண்ணூறு என்று சொல்லியிருந்தால் எங்கேயிருந்து எண்ணினாலும் தொண்ணூறுதான். அந்த ஓர் எண்ணில் இரண்டு பேரும் சந்தித்திருப்பார்கள். இது எனக்குப் பஸ்ஸில் வரும்போது தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

டாக்டர் முட்டியை அழுத்திப் பார்த்தார், படம் பார்த்தார். உள்ளே சதை ஒட்டிவிட்டது என்றார். மயக்கம் கொடுத்து வலுக்கட்டாயமாக மடக்கலாம், ஆனால் கட்டிய சில்லு மறுபடி உடையலாம். திறந்து ஒட்டினதை வெட்டி விடலாம், ஆனால் சர்க்கரை இருக்கிற உடம்பு, புண் ஆறவில்லையென்றால் இப்போது நடக்கிற நடையும் போய்விடும்.

"நீங்கன்னா என்ன செய்வீங்க டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"நான் தொட மாட்டேன். கட்டுப் பிரிச்ச கையோட மடக்கியிருந்தா வந்திருக்கும்."

மடக்கினார். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மடக்கிவிட்டதாக நினைத்துத்தான் நிறுத்தினார். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. வேறு இரண்டு டாக்டர்களிடம் கூட்டிப்போனேன். பெரிய கட்டடம், குளிர்சாதனம், தரையில் முகம் தெரியும். இரண்டு பேரும் அதையேதான் சொன்னார்கள், ஒருவர் கனிவாக, ஒருவர் அவசரமாக. பிறகு பட்டறையில் உட்கார்ந்து, தொடையைப் பஞ்சுப் பட்டையில் பிடித்துக்கொண்டு, திருகுக் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற ஒரு மயிரிழை மட்டும் மடக்குகிற மாதிரி ஒரு பொறி செய்தேன். என் கையால் செய்தது, அழகாகவே வந்தது. அந்தப் பெண்ணைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "வேண்டாம் சார். உடைஞ்சிரும். தயவுசெஞ்சு வேண்டாம்" என்றாள். பிறகு, "அங்கிள் என்மேல கோவமா இருக்காரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உண்மையும் அதுதான். அவருக்குக் கோபம் வந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

பொறியை மூலையில் வைத்துச் சாக்குப் போட்டு மூடினேன். தங்கை வந்தபோது சாக்கைத் தூக்கிப் பார்த்தாள்.

"எவ்வளவோ கனமான குழாயெல்லாம் வளைச்சிருக்கீங்களே அண்ணே" என்றாள்.

சாக்கை மறுபடி இழுத்து மூடிவிட்டுப் போனாள். என்னை யாரும் இத்தனை வருடத்தில் அப்படிப் பேசியதில்லை. பாராட்டு மாதிரிதான் இருந்தது.

இப்போது மாப்பிள்ளை பட்டறைக்கு வருகிறார். உயரமான முக்காலி ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன், கால் கீழே தொங்குகிற மாதிரி. அவருக்காகப் பெரிய மேசையும் செய்தேன், நின்றபடி வரையட்டும் என்று. சின்ன வேலைகளை அதில் செய்கிறார். படிக்கட்டு மேசையில் அடங்காது. ஒருநாள் பிடிவாதமாகத் தரையில் இறங்கினார். காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு கையெட்டுகிற தூரம்வரை வரைந்தார். அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். நகர முடியவில்லை. "மச்சான், கொஞ்சம் தூக்குங்க" என்றார். நானும் வெல்டரும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி அடுத்த இடத்தில் வைத்தோம். கொஞ்சம் வரைந்தார், மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவை தூக்கும்போது அவர் வேட்டி கோட்டின் மேல் இழுபட்டு, வரைந்ததெல்லாம் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் தரையில் இறங்கவில்லை.

போன வாரம் ஒரு சுற்றுப்படி வேலை வந்தது. வந்த வேலையை விடுகிற வழக்கம் எனக்கில்லை, வாங்கிவிட்டேன். முக்காலியிலிருந்து மாப்பிள்ளை கேட்டார், "எங்கேயிருந்து எங்கேன்னு கேட்டீங்களா மச்சான்?"

"கேட்டுட்டேன். ரெண்டு தடவை கேட்டேன்."

"சரி."

தரையைக் கழுவினோம். வெல்டர் முட்டி போட்டார். நல்ல வேலைக்காரர், ஆனால் வளைவு அவர் கைக்கு வராது. சுண்ணாம்புக் கோடு கதவுப் பக்கம் போகப் போக வெளியே விரிந்தது. எனக்கே தெரிந்தது. மாப்பிள்ளைக்கு முதல் சாண் நீளத்திலேயே தெரிந்திருக்கும். அவர் முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது முட்டி தன்னால் மடங்கி மேலே வந்தது. வலது கால் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க மாப்பிள்ளை, எங்க தப்பு?" என்றேன்.

"சொன்னா புரியாது மச்சான். கீழே இருந்தாத்தான் தெரியும்."

வெல்டர் தலையைத் தூக்கி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். நான் ஈரத் துணியை எடுத்துக் கோட்டை அழித்தேன். மறுபடி போடச் சொன்னேன். அவர் மறுபடி போட்டார். மறுபடியும் கதவுப் பக்கம் விரிந்தது.